1934 கலிபோர்னியா முதனிலைத் தேர்தல்: ஒரு நாவலாசிரியரின் வாக்குக் கணக்கு

1934ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 28ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே கட்சி முதனிலைத் தேர்தல்கள் நடைபெற்றன. சனநாயகக் கட்சியின் ஆளுநர் வேட்பாளராக நிற்க விழைந்தோருள் நாவலாசிரியர் அப்டன் சிங்கிளேயர் 436,220 வாக்குகளைப் பெற்றார். அவருக்கு அடுத்தவராக வந்த ஜோர்ஜ் கிறீல் பெற்றவை 288,106. களத்தில் நின்ற ஏனையோர் அனைவரின் வாக்குகளையும் ஒன்றாகக் கூட்டினும் அவை சிங்கிளேயரின் தொகையை எட்டவில்லை. அன்றே குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்ற பிராங்க் மெரியம் பெற்றவையோ ஏறத்தாழ 346,000 மட்டுமே. நான்காண்டுகளுக்கு முன்னர், 1930இல், இதே பதவிக்குச் சோசலிசக் கட்சியின் சார்பிலே சிங்கிளேயர் நின்றிருந்தார். அப்பொழுது முழு மாநிலமும் வாக்களித்த பொதுத் தேர்தலில் அவருக்குக் கிடைத்தவை சுமார் ஐம்பதினாயிரம் வாக்குகள். இப்பொழுது ஒரு கட்சியின் உள்வாயிலிலேயே அதனைப் போல் எட்டு மடங்கிற்கும் மேலாகப் பெற்றுவிட்டார்.

இத்தொகைகளை எவ்வாறு வாசிப்பது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா. சிங்கிளேயரை நாம் பொதுவாக 1906இல் நூலாக வெளிவந்த 'த ஜங்கிள்' என்னும் நாவலின் ஆசிரியராகவே அறிவோம். சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளிலே குடிபெயர்ந்த தொழிலாளர் பட்ட அவலத்தை அவர் எழுதினார். வாசகரோ தமது உணவுத் தட்டிலிருந்த இறைச்சியின் தூய்மை பற்றியே கவலைப்பட்டனர். அவ்வாண்டு யூன் மாதத்திலேயே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் நிறைவேறியது. தொழிலாளரின் கூலியும் வேலைநேரமும் இருந்தபடியே இருந்தன. தாம் எய்த இலக்கு ஒன்று, அம்பு சென்று தைத்தது வேறொன்று எனச் சிங்கிளேயரே பின்னாளில் வருந்தியமை பிரசித்தம். இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றன. 1934இன் வாக்குக் கணக்கு அவற்றுக்கு வெறும் அடிக்குறிப்பு. எமக்கு அது அவ்வாறு தோன்றவில்லை. ஓர் எழுத்தாளன் தனது நூலொன்றை நேரடியாக வாக்குச்சீட்டாக மாற்ற முயன்ற நிகழ்ச்சி என்றவகையில் இது இலக்கிய மாணவனின் கவனத்துக்கும் உரியது.

முதலில் முதனிலைத் தேர்தல் என்னும் அமைப்பை விளங்கிக்கொள்ளல் அவசியம். எமது நாட்டிலே வேட்பாளரைத் தெரிவு செய்வது கட்சித் தலைமைப்பீடத்தின் தனியுரிமையாகவே இருந்து வந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை ஏறத்தாழ அதுவேதான். கட்சி மாநாடுகளில் கூடிய பிரதிநிதிகள் வேட்பாளரைத் தீர்மானித்தனர். கலிபோர்னியாவில் அம்மாநாடுகளின் கடிவாளம் சதேர்ன் பசிபிக் இரயில்வேக் கம்பனியின் கையிலிருந்தது. நிலம், சரக்குக் கட்டணம், சட்டமன்றம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பற்றியிருந்த அக்கம்பனியை மனத்திற் கொண்டே பிராங்க் நொறிஸ் 1901இல் தமது நாவலுக்கு 'த ஒக்ரோபஸ்' எனப் பெயரிட்டார். இப்பிடியை உடைக்க நகர்ப்புற மத்தியதர வர்க்கத்தினரும், சிறு வணிகரும், கட்டணச் சுமையால் நலிந்த விளைபொருள் உற்பத்தியாளரும் ஒன்றுசேர்ந்தனர். 1909இல் நேரடி முதனிலைத் தேர்தற் சட்டம் வந்தது. 1910இல் அச்சட்டத்தின் கீழ் வேட்பாளராகி ஆளுநரானவர் ஹைரம் ஜோன்சன்.

இச்சீர்திருத்தத்தின் வர்க்கக் குணாம்சம் தெளிவானது. ஏகபோக மூலதனத்தினால் நசுக்கப்பட்ட இடைநிலை வர்க்கங்கள், கட்சி என்னும் அமைப்பே ஊழலின் உறைவிடம் எனக் கண்டு, அதனைத் தளர்த்திவிட முனைந்தன. 1913இல் 'குறுக்குப் பதிவு' என்னும் விசித்திர ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. ஒரு கட்சியைச் சேர்ந்தவர் மற்றக் கட்சியின் முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடலாம். சொந்தக் கட்சியிலே தோற்றால் மட்டும் மற்றையதன் நியமனம் செல்லாது. 1918இல் ஜேம்ஸ் றொல்ஃப் சனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றும், தமது குடியரசுக் கட்சியிலே தோற்றமையால் தகுதியிழந்தார். 1934இல் செனற் சபைக்கு நின்ற ஹைரம் ஜோன்சனோ இரு பெருங் கட்சிகளின் நியமனத்தையும் ஒருங்கே பெற்றார். இத்தகைய சூழலில் கட்சி என்பது கொள்கை வழிப்பட்ட அமைப்பாக இல்லாது, யாரும் ஏறி இறங்கக்கூடிய வாகனமாகியது. கம்பனியின் பிடி தளர்ந்தது உண்மை. ஆயின், அவ்வெற்றிடத்தைத் தொழிலாளர் அமைப்புக்கள் நிரப்பவில்லை. பத்திரிகை முதலாளிகளும், பின்னர் விளம்பரத் தொழிலைக் கைக்கொண்டோருமே நிரப்பினர். இதே தளர்ச்சிதான் ஒரு சோசலிஸ்டு சனநாயகக் கட்சிக்குள் நுழையவும் வழிவிட்டது. ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்கள் இவை.

1933 செப்டெம்பர் முதலாந் திகதி சிங்கிளேயர் தமது வாக்காளர் பதிவைச் சனநாயகக் கட்சிக்கு மாற்றினார். பொதுக்கூட்டமோ ஆரவாரமோ இல்லை. அதன்பின் அவர் செய்தது எழுத்தாளனுக்கேயுரிய காரியம்: ஒரு சிறுநூலை எழுதினார். அறுபத்துநான்கு பக்கங்கள் கொண்ட அந்நூல் எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்லுகிறது. தாம் ஆளுநராகி, வறுமையை ஒழித்து, பதவியை விட்டு விலகிய கதையை நடந்து முடிந்த வரலாறு போல அதிலே விவரித்தார். 'கலிபோர்னியாவில் வறுமையை ஒழி' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்கள் சேர்ந்து 'எபிக்', அதாவது காவியம், என்னும் சொல்லாயின. நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. அவ்விற்பனையே இயக்கத்தின் முதன்மையான நிதியாகவும் அமைந்தது. கற்பனாவாத நாவல் என்னும் இலக்கிய வடிவம் தேர்தல் விஞ்ஞாபனமாக மாறியமைக்கு இதைவிடத் துல்லியமான உதாரணத்தை நாம் அறியோம்.

திட்டத்தின் சாரம் பன்னிரண்டு கோட்பாடுகளில் அடங்கியது. மூடிக் கிடந்த தொழிற்சாலைகளையும் தரிசாய்க் கிடந்த நிலங்களையும் அரசு வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வேலையற்றோரிடம் ஒப்படைக்கும். அவர்கள் இலாபத்துக்காகவன்றி உபயோகத்துக்காக உற்பத்தி செய்து, தனியான பற்றுச்சீட்டு நாணயத்தின் மூலம் தம்முள் பரிமாறிக் கொள்வர். விற்பனை வரி நீக்கப்பட்டு, வருமானத்துக்கேற்ப ஏறிச்செல்லும் வரி விதிக்கப்படும். அறுபது வயதைக் கடந்த வறியோருக்கு மாதம் 50 டொலர் ஓய்வூதியம். 1933இல்தான் மாநிலம் இரண்டரை வீத விற்பனை வரியை விதித்திருந்தது. ஆளுநர் ஜேம்ஸ் றொல்ஃபின் பெயரால் மக்கள் அதனை 'ஜிம்மிக்குச் சில்லறை' என ஏளனம் செய்தனர். பாணுக்கும் பாலுக்கும் வரி கொடுத்தவர்களுக்கு இத்திட்டத்தின் அந்த ஒரு வரி விளங்கியிருந்தாலே போதுமானதாயிருந்திருக்கும்.

எனினும் 436,220 வாக்குகளைத் தனியொரு நூலின் சாதனையாகக் கொள்வது தனிநபர்வாத நோக்காகும். சிங்கிளேயரைப் பற்றி எழுதுவோர் பலரும் இவ்விடத்திலே வழுவுகின்றனர். உண்மையில் அந்நூலுக்கு முன்னரே லொஸ் ஏஞ்சலசைச் சூழவுள்ள பகுதிகளில் வேலையற்றோர் தாமாகவே கூட்டுறவுக் குழுக்களை அமைத்திருந்தனர். விலை வீழ்ச்சியால் அறுவடை செய்யப்படாது அழுகிய காய்கறிகளைப் பறித்துக் கொடுத்து, அதிலொரு பங்கைக் கூலியாகப் பெற்றனர். 1932இலிருந்து இம்முறை பரவலாயிற்று. ஒரு பக்கம் அழுகும் பயிர், மறுபக்கம் பசித்த வயிறு, இரண்டுக்கும் இடையிலே நின்றது சந்தை ஒன்றே என்பதை அவர்கள் கோட்பாட்டினூடாகவன்றி வயல் வரப்பிலே நின்று கண்டுகொண்டனர். சிங்கிளேயர் அவ்வனுபவத்துக்கு ஒரு கதை வடிவமும் பெயரும் தந்தார். எபிக் கழகங்கள் எண்ணூறளவில் தோன்றின. முதனிலைத் தேர்தலில் அந்தந்தக் கட்சியின் பதிவாளர்களே வாக்களிக்க முடியுமாதலால், கழகத்தவர் வீடுவீடாகச் சென்று வாக்காளரைச் சனநாயகக் கட்சியிலே பதியச் செய்தனர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகப் பதியப்பட்டனர். அந்நூற்றாண்டில் அதுவரை ஒரு சனநாயகக் கட்சி ஆளுநரைக் கூடக் காணாத மாநிலத்தில், அக்கட்சியின் பதிவுத் தொகை முதற்றடவையாகக் குடியரசுக் கட்சியினதை விஞ்சியது. தேர்தல் முடிவு ஓகஸ்டில் அறிவிக்கப்பட்டதாயினும், அம்முடிவு ஏலவே பதிவேடுகளில் எழுதப்பட்டிருந்தது என்றே கூறல் வேண்டும்.

அக்கோடையின் ஏனைய நிகழ்ச்சிகளையும் மறத்தலாகாது. மே 9இல் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. யூன் தொடக்கத்தில் ஆளுநர் றொல்ஃப் காலமாக, துணை ஆளுநர் மெரியம் பதவியேற்றார். யூலை 5இல் சான் பிரான்சிஸ்கோவில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் கொல்லப்பட்டனர். மெரியம் தேசிய காவற்படையை வரவழைத்தார். யூலை 16 முதல் 19 வரை நகரமே நின்றுபோன பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. இவ்வளவும் நடந்து ஆறு வாரங்கள் ஆவதற்குள் முதனிலைத் தேர்தல். ஆயினும் துறைமுகப் போராட்டமும் எபிக் இயக்கமும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. முன்னையது வடக்கிலே, வேலையிலிருந்த தொழிலாளரின் வர்க்கப் போர். பின்னையது பெரிதும் தெற்கிலே, வேலையிழந்தோரும், சேமிப்பு அழிந்த முதியோரும், மத்திய மேற்கிலிருந்து குடிவந்து நலிந்த சிறுவுடைமையாளரும் கொண்ட எழுச்சி. சிங்கிளேயரின் பலம் லொஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்திலே திரண்டதும், வடக்கிலே அவர் நலிவுற்றதும் இப்பிளவின் வெளிப்பாடே.

இன்னுமொரு கூட்டத்தார் எக்கணக்கிலும் இல்லை. 1933 ஒக்ரோபரில் சான் ஹோக்கின் பள்ளத்தாக்கின் பருத்தி வயல்களிலே பல்லாயிரவர் வேலைநிறுத்தம் செய்து, நில உடைமையாளரின் துப்பாக்கிகளுக்கு முகங்கொடுத்தனர். அவர்களுட் பெரும்பாலோர் மெக்சிக்கர், பிரசாவுரிமையற்றோர் பலர். ஆசியரின் நிலை இன்னும் மோசம். 1923இல் பகத் சிங் திண்ட் என்னும் பஞ்சாபியரின் வழக்கிலே ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர் 'வெள்ளையர்' அல்லராதலின் பிரசாவுரிமை பெறத் தகுதியற்றோர் எனத் தீர்த்தது. கலிபோர்னியாவின் செல்வத்தை விளைவித்த கைகளுட் கணிசமானவை வாக்குச்சீட்டைத் தீண்ட முடியாத கைகள். 'வறுமையை ஒழி' என்னும் கோஷத்துக்குக் கிடைத்த வாக்குகளை எண்ணும்போது இதையும் சேர்த்தே எண்ணல் வேண்டும்.

முதனிலைத் தேர்தலிலே தோற்ற கிறீலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலாம் உலகப் போரின்போது வூட்றோ வில்சன் அரசின் பிரசாரக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். மக்களின் கருத்தை உற்பத்தி செய்வதிலே நாட்டின் முதல்வர் எனப் பெயர்பெற்றவரை, பத்திரிகை ஆதரவற்ற ஒருவர் ஒன்றரை இலட்சத்துக்கு அண்மித்த வாக்குகளால் வென்றமை ஆளும் வர்க்கத்தைத் திகைக்க வைத்தது. அத்திகைப்பிலிருந்து பிறந்ததே பின்வந்த பத்து வாரப் பிரசாரம்.

இப்பிரசாரத்தின் முறை எமது விசேட கவனத்துக்குரியது. கிளெம் விற்றேக்கரும் லியோன் பாக்ஸ்ரரும் நடத்திய 'கம்பெய்ன்ஸ் இன்கோர்ப்பரேட்டட்' என்னும் நிறுவனம், தேர்தலை ஒரு கூலித் தொழிலாகச் செய்த முதல் நிறுவனங்களுள் ஒன்று. அவர்கள் சிங்கிளேயரின் திட்டத்தை மறுக்க மெனக்கெடவில்லை. அவரது நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தனர். நாற்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதியவரிடம் விவாகத்துக்கு எதிராக, மதத்துக்கு எதிராக, தேசத்துக்கு எதிராக ஒரு வாக்கியமாவது இல்லாதிருக்குமா? 1911இல் வெளியான நாவலொன்றிலே ஒரு பாத்திரம் தன் மணவாழ்க்கை முறிந்த வேளையிற் கூறும் சொற்கள் ஆசிரியரின் கொள்கைப் பிரகடனமாக அச்சிடப்பட்டன. லொஸ் ஏஞ்சலஸ் ரைம்ஸ் பத்திரிகை முதற்பக்கத்திலே பெட்டி கட்டி நாடோறும் இத்தகைய மேற்கோள்களை வெளியிட்டது. பாத்திரத்தின் கூற்றை ஆசிரியன் கூற்றாகக் கொள்ளல் விமர்சனத்தின் பாலபாடத் தவறு என நாம் மாணவருக்குக் கற்பிக்கிறோம். அது அறியாமையால் மட்டும் நிகழ்வதன்று. நாவல் என்னும் வடிவத்தின் உயிரே முரண்படும் குரல்கள். அக்குரல்களை ஒன்றாக நசுக்குவதிலே யாருக்கேனும் இலாபம் இருக்குமிடத்து அத்தவறு திட்டமிட்டே செய்யப்படும். (எமது இலக்கியச் சர்ச்சைகளிலும் இதே உத்தியைக் கையாண்டோர் உளர், அவர்களுக்குக் கூலி கொடுத்தோர் இருந்ததாகத் தெரியவில்லை.)

திரைப்படத்துறையும் இறங்கியது. எம்.ஜி.எம். நிறுவனத்தின் ஊழியரிடம் மெரியத்தின் பிரசார நிதிக்கென ஒரு நாட் சம்பளம் அறவிடப்பட்டது. அந்நிறுவனத்தின் ஏர்விங் தோல்பேர்க் முன்னின்று தயாரித்த 'செய்திப்படங்கள்' மாநிலமெங்கும் கட்டணமின்றிக் காட்டப்பட்டன. அவற்றிலே மெரியத்தை ஆதரிப்போர் கண்ணியமான மூதாட்டியராகவும், சிங்கிளேயரை ஆதரிப்போர் தாடி வளர்த்த அந்நியராகவும் தோன்றினர். இரயில்களிலே தொற்றி வந்திறங்கும் நாடோடிகளின் கூட்டம் எனப் பத்திரிகையொன்று வெளியிட்ட புகைப்படம், 1933ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றின் காட்சி என்பது பின்னர் அம்பலமாயிற்று. லொஸ் ஏஞ்சலசில் பல்லாயிரக்கணக்கான வாக்காளரின் பதிவையே செல்லாததாக்க எடுக்கப்பட்ட முயற்சியை மாநில உச்ச நீதிமன்றம் தடுத்தது. கற்பனையை வரலாறாக எழுதிய ஒருவரைக் கற்பனையையே செய்தியாகக் காட்டி வீழ்த்தினர்.

றூஸ்வெல்ற்றை நாடிச் சென்றதும் பயனளிக்கவில்லை. செப்டெம்பர் 4இல் ஹைட் பார்க்கில் சனாதிபதியைச் சந்தித்துவிட்டு மிகுந்த நம்பிக்கையோடு வெளியே வந்தார் சிங்கிளேயர். எதிர்பார்த்த ஆதரவுரை இறுதிவரை வரவில்லை. ஆரம்பத்திலே ஆதரவு காட்டிய கிறீல் ஒக்ரோபரிற் கைவிட்டார். மெரியமோ முதியோருக்குப் பெருந்தொகை ஓய்வூதியம் வேண்டிய ரவுண்செண்ட் திட்டத்தை ஆதரிப்பதாக அறிவித்தார். சிங்கிளேயர் அதனை ஏற்க மறுத்துவிட்டார். நேர்மை என்ற வகையில் அது பாராட்டத்தக்கது. தேர்தல் என்ற வகையில் அவர் அதற்கு விலை கொடுத்தார்.

நவம்பர் 6இல் மெரியம் 1,138,620 வாக்குகள் பெற்றார். சிங்கிளேயர் 879,537. மூன்றாம் அணியில் நின்ற றேமண்ட் ஹெய்ற் 302,519. வென்றவருக்குப் பாதி வாக்குகளும் கிடைக்கவில்லை. முதலிருவருக்கும் இடையேயான வித்தியாசத்தை விட ஹெய்ற் பெற்றவை அதிகம். அவ்வாக்குகள் சிங்கிளேயருக்கே வந்திருக்கும் என வாதிடுவோர் உளர். இருவரையும் வேண்டாதவர்களே ஹெய்ற்றிடம் சென்றனர் என்பதே எமது எண்ணம்.

இனி எமக்கு மிகவும் சங்கடமான பகுதிக்கு வருகிறோம். இத்தேர்தலிலே இடதுசாரிகள் எங்கிருந்தனர்? சோசலிசக் கட்சி சிங்கிளேயரைத் துரோகியாகக் கருதித் தனி வேட்பாளரை நிறுத்தியது; அவர் மூவாயிரம் வாக்குகளை எட்டவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி, அகிலத்தின் அன்றைய 'மூன்றாங் கட்ட' நிலைப்பாட்டுக்கிணங்க, எபிக் இயக்கத்தைச் 'சமூக பாசிசம்' என வருணித்தது. அதன் வேட்பாளர் ஆறாயிரத்தை எட்டவில்லை. பருத்தி வயல்களிலும் துறைமுகத்திலும் அக்கட்சியினர் காட்டிய தீரம் மறுக்கமுடியாதது. ஆயினும் பட்டினியால் அரசியலுக்கு முதன்முறை வந்த இலட்சக்கணக்கானோரின் வாயிலிலே நின்று அவர்களுக்குப் பாசிஸ்டுகள் எனப் பெயர் சூட்டியமை மார்க்சியமாகாது. அடுத்த ஆண்டு நடந்த அகிலத்தின் ஏழாவது பேராயம் ஐக்கிய முன்னணிப் பாதையை ஏற்றபோது கலிபோர்னியாவின் வாய்ப்புக் கடந்துவிட்டிருந்தது.

இதனாற் சிங்கிளேயரின் திட்டம் சரியானதாகிவிடாது. 1915இலேயே லெனின் அவரை உணர்ச்சிவழிச் சோசலிஸ்டு, கோட்பாட்டுப் பயிற்சியற்றவர் என மதிப்பிட்டிருந்தார். அதேவேளை அவரது போர் எதிர்ப்பு அழைப்பின் அடிப்படையைச் சரியெனவும் கொண்டார். இந்த இரட்டை மதிப்பீட்டின் பின்பாதியை 1934இன் தோழர்கள் மறந்தனர். முதலாளித்துவ உற்பத்தியின் நடுவிலே, அதன் சந்தையையும் வங்கியையும் அரச யந்திரத்தையும் தீண்டாது, வேலையற்றோருக்கென ஒரு தனிப் பொருளாதாரத்தை வளர்த்துவிடலாம் என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கற்பனாவாதிகளின் குடியேற்றங்களினின்றும் அதிகம் வேறுபட்டதன்று. ஆனால் அதற்கு வாக்களித்தோரின் கோரிக்கை கற்பனையானதன்று.

1951இல் நோர்மன் தோமசுக்கு எழுதிய கடிதமொன்றிலே சிங்கிளேயர் தமது வாக்குக் கணக்கைத் தாமே வாசித்தார். அமெரிக்க மக்கள் சோசலிசத்தை ஏற்பர், அதன் பெயர்ச்சீட்டையே ஏற்கார் என்பது அவரது முடிவு. சோசலிஸ்டாக நின்றபோது பெற்றவற்றையும் எபிக்கின் பெயரால் பெற்றவற்றையும் ஒப்பிட்டே அதனைக் கூறினார். இவ்வாசிப்பு எமக்கு உடன்பாடானதன்று. 1930க்கும் 1934க்கும் இடையே மாறியது பெயர்ச்சீட்டு மட்டுமா? நெருக்கடி ஆழ்ந்தது, கூட்டுறவுக் குழுக்கள் தோன்றின, எண்ணூறு கழகங்கள் வேலை செய்தன. அதைவிட முக்கியமாக, பெயர் மாறியபோது உள்ளடக்கமும் மாறியது: எபிக்கின் வாக்காளரைத் தேர்தலின் பின் ஒன்றாக வைத்திருக்கக்கூடிய கட்சி எதுவுமில்லை. முதனிலைத் தேர்தல் என்னும் திறந்த வாயிலினூடாக எவ்வளவு விரைவாக உட்சென்றனரோ அவ்வளவு விரைவாகச் சனநாயகக் கட்சியினுட் கரைந்தும் போயினர்.

கரைந்ததன் அடையாளங்கள் சில எஞ்சின. 1934இலேயே எபிக் ஆதரவு பெற்ற இருபதுக்கு மேற்பட்டோர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தெரிவாயினர். அவர்களுள் ஒருவரான கறுப்பினத்தவர் ஒகஸ்ரஸ் ஹோக்கின்ஸ் 1963 முதல் 1991 வரை ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசில் வீற்றிருந்தார். மெரியமே 1935இல் மாநில வருமான வரியை விதிக்க நேர்ந்தது. எபிக் அணியோடு மாநில செனற் சபைக்குச் சென்ற கல்பேர்ட் ஓல்சன் 1938இல் மெரியத்தைத் தோற்கடித்து, அந்நூற்றாண்டில் கலிபோர்னியாவின் முதற் சனநாயகக் கட்சி ஆளுநரானார். பதவியேற்றதும், 1916ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பு வழக்கிலே பொய்ச்சாட்சியத்தின்மீது தண்டிக்கப்பட்டு இருபதாண்டுகளுக்கு மேலாகச் சிறையிலிருந்த தொழிற்சங்கவாதி ரொம் மூனியை 1939 சனவரியில் விடுதலை செய்தார். உபயோகத்துக்கான உற்பத்தி பற்றியும் தமது பிரசாரத்திலே பேசியிருந்தார். சட்டமன்றம் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை.